ரொட்டிக் கடையில் காய்ந்த கூல்டிரிங்ஸ் மெஷின்

ஓமானில் இருக்கிற சலாலாவில், சாரல் மாதங்களில் பெயிண்ட் அடிக்க எந்தக் கராஜிலும் யோசிப்பார்கள். நான் அடிப்பேன். துபாய், கத்தார்க்காரர்களெல்லாம் வெயிலுக்குத் தப்பி இங்கே ஓடிவருகிற காலம் அது. அவர்களுக்குக் குளிர்ச்சி, எங்களுக்குத் துவைத்த சட்டை காயாத தொல்லை. ஆரஞ்சும் வெள்ளையுமாக இந்த ஊர் டாக்ஸிகள் ஓடுகின்றனவே, அதில் பலவற்றில் என் கை பட்டிருக்கிறது. படிப்புதான் எனக்கு ஏறவில்லை, பெயிண்ட் வேலை ஏறிவிட்டது.

அப்படி ஒரு சாரல் நாளில் காக்கா பிக்கப்பில் ஒரு மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தார். காயல்பட்டினத்துக்காரர், மளிகைக்கடை வைத்திருப்பவர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். என்னைவிட இளையவர், இருந்தாலும் இங்கே எல்லாருக்கும் அவர் காக்காதான். காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் கூல்டிரிங்ஸ் டின் விழுமே, அந்த மெஷின். மூடிப்போன ஒரு கிளப்பில் வாங்கியிருந்தார். உள்ளே குளிர்ச்சி அருமை. வெளியேதான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. உப்புக்காற்றில் கீழ் விளிம்பெல்லாம் துரு, முன்கதவில் பாதி உரிந்த ஸ்டிக்கர்.

"வியாழக்கிழமை லேபர் கேம்ப் வாசல்ல இது நிக்கணும் அண்ணாச்சி. இந்தக் கோலத்துல உள்ள விடமாட்டேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. அன்னைக்கு வரலேன்னா அந்த இடம் சூப்பர்மார்க்கெட்காரனுக்காம்."

அந்த சூப்பர்மார்க்கெட் திறந்ததிலிருந்து காக்கா கடையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. கேம்ப் வாசலும் போனால் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

"வச்சுட்டுப் போங்க" என்றேன்.

கதவைத் தனியாகக் கழற்றினேன். துருவைச் சுரண்டி, காருக்குப் போடுகிற பட்டியைப் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்தேன். பூட்டு, காசு போடும் வாய், பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். கராஜில் சூடு காட்டும் விளக்கு ஒன்றுதான் இருந்தது. அதை மெஷினின் உடம்புப் பக்கம் வைத்துச் சிவப்பு அடித்தேன், பளிச்சென்று வந்தது. விளக்கில்லாமல் அடித்த கதவு ஈரத்தில் பால் படிந்தது போல வெளுத்துவிட்டது.

காக்கா எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, சிவப்பு கேட்டா ரோஸ்மில்க் வருது?"

"வாயை மூடிக்கிட்டு கதவைப் பிடிங்க" என்றேன்.

மேல்பூச்சைத் தேய்த்து எடுத்து, மறுநாள் மத்தியானம் மறுபடி அடித்தேன். அது வெளுப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு பக்கத்து ரொட்டிக் கடைக்குப் போனோம். சாரல் மாதத்தில் இந்தத் தெருவில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். மத்தியானம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். நெருப்பு இருக்காது, செங்கல் மட்டும் சாயங்காலம் வரை சூடாக இருக்கும். கடைக்காரன் பட்டாணி இனத்தவன், மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"வாசம் வந்தா ரொட்டி மாஃபி, பாய்!" மாஃபி என்றால் இங்கே இல்லை என்று அர்த்தம்.

"நாலு மணிக்குள்ள கலாஸ், முடிஞ்சிரும்" என்று சொல்லிக் கதவைச் சுவரில் சாய்த்தேன்.

கதவு வெளுக்காமல் காய்ந்தது. ஆனால் பட்டாணி தூங்கி எழுந்தவன், பழக்க தோஷத்தில் சாயங்கால ரொட்டிக்கு மாவு சலிக்க உட்கார்ந்துவிட்டான். நாங்கள் போய்ப் பார்த்தால் கதவு முழுக்க மாவு. காக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"நாளைக்கு வியாழன் அண்ணாச்சி. இவன் பவுடர் அப்பி வச்சிருக்கான்!"

"பெயிண்ட் காஞ்சிருச்சா? அதைப் பாருங்க. மாவு மேலதான் ஒட்டியிருக்கு."

விரலால் அமுக்கிப் பார்த்தேன், தடம் விழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, நைசான தண்ணிப் பேப்பரை, அதாவது உப்புத்தாளை, நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். மாவோடு சேர்ந்து மேடுபள்ளமும் போனது. பிறகு காருக்குப் போடுகிற பாலிஷ். அடித்த மாதிரியே விட்டிருந்தால் அந்தப் பளபளப்பு வந்திருக்காது.

வியாழக்கிழமை கேம்ப் வாசலில் கூரைக்கு அடியில் இறக்கினோம். மலையாளி சூப்பர்வைசர் சுற்றிச் சுற்றி வந்து கதவைத் தடவினார். அதற்குள் டியூட்டி பஸ் வந்து நின்றது. இறங்கிய பையன்கள் மெஷினைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தன் காசு எடுக்கிறான் என்று பார்த்தால் சீப்பை எடுத்தான். கதவில் முகம் பார்த்துத் தலை வாரினான். பின்னாலேயே இன்னொருத்தன்.

"இதுக்குச் சீப்பு வித்துருக்கலாம்" என்று காக்கா முணுமுணுத்தார்.

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "இங்க தன்னே நிக்கட்டும். வயர் மட்டும் நனையாம பாத்துக்கோ."

தலை வாரிக்கொண்டிருந்தவனை விலக்கிவிட்டு, காக்கா பிளக்கைத் தேடிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் ஓடினார்.