காய்ச்சலுக்கு ஒரு தனி டாக்டர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். அரிமளம் பக்கத்தில்தான் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சவுதியில் டிரைவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். பெட்டியைப் பிரித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சென்ட் பாட்டில் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற தேதி வந்துவிடும். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் எனக்கு அழுகை வரும். அதனால் கூட்டுவதில்லை.

அந்த லீவில் எங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழா வந்தது. தண்ணீர் வற்றி முழங்கால் அளவு கிடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசியதும் சுத்துப்பட்டு சனம் அத்தனையும் வலையோடு உள்ளே பாயும். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். என் வீட்டுக்காரரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இடுப்பு வரை சேறு, கணுக்காலில் ஏதோ கீறி ரத்தம், கையில் ரெண்டு பெரிய விரால். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! வருஷக்கணக்காகப் போனில் பார்த்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருந்ததே இல்லை. ஒரு விராலைக் குழம்பு வைத்தேன். இன்னொன்றை அவர் போகும்போது கொடுத்துவிடலாம் என்று உப்புப் போட்டுக் கருவாடாக்கினேன். விற்கத்தானே கூடாது!

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கினோம், கேட்கவில்லை. ஊர் டாக்டர் ஊசி போட்டார், விடவில்லை. புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். உடம்பு மட்டும் அனலாகக் கொதித்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, டிபியாக இருக்கலாம் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றதும் எல்லோரும் சவுதியைப் பற்றியே துருவினார்கள். ஒருத்தர் மட்டும், "வயல் வேலை உண்டா? சேத்துல இறங்குவாரா?" என்று கேட்டார். என் கொழுந்தனாருக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. "எங்கண்ணன் ஏசி வண்டி ஓட்டுறவரு சார். வயல்ல கால் வச்சு எத்தன வருசமாச்சு!"

பொய் இல்லை. வயலில் கால் வைக்கவில்லைதான். திருவிழாவுக்குக் கண்மாயில் இறங்கியதை எங்கள் ஊரில் யாரும் சேற்றில் இறங்கியதாக நினைப்பதில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அது தோன்றவில்லை.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே எந்த ஆன்டிபயாடிக் குடுக்கணும்னு நான் குத்துமதிப்பா முடிவு பண்ணக் கூடாதும்மா. தொத்துநோய்க்குன்னே படிச்ச டாக்டரு இருக்காங்க. திருச்சில தேடிப் பாருங்க" என்றார்.

"இருதயத்துக்கு இருக்காரு, எலும்புக்கு இருக்காரு. காச்சலுக்குமா மதினி தனியா ஒரு டாக்டரு?" என்றார் கொழுந்தனார். எனக்கு வந்ததே ஆத்திரம். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க தம்பி, போனப் போடுங்க" என்றேன்.

திருச்சியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டோம். ஒரு இடத்தில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். ஒரு இடத்தில் அடுத்த வாரம் வாங்க என்றார்கள். அடுத்த வாரத்துக்கு என் புருஷன் இருக்க வேண்டுமே! கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில், மத்தியானம் வந்து பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கீரனூரைத் தாண்டும்போது அவர் கை என் கைக்குள் இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. ஏர்போர்ட்டுக்கும் இதே ரோட்டில்தான் அவரை வழியனுப்பப் போவேன். அப்போதெல்லாம் திரும்பி வருவார் என்று ஒரு தைரியம் இருக்கும். அன்றைக்கு அது இல்லை.

அந்த டாக்டரம்மா அவரைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மறுபடியும் அதே கேள்விகள். எனக்கு அடக்க முடியவில்லை. "சவுதி சவுதின்னே கேக்குறீங்களே டாக்டர், அங்க இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு! எப்புடியாச்சும் பொழைக்க வைங்க. போறப்ப எடுத்துட்டுப் போகட்டும்னு அவரே புடிச்ச மீனக் கருவாடு போட்டு வச்சிருக்கேன். அதத் திங்க அவரு வேணும்" என்று அழுதுவிட்டேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அவரே புடிச்சதா? எங்க?"

கண்மாயைச் சொன்னேன். சேற்றைச் சொன்னேன். கணுக்காலில் கீறியதையும் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஈர மண்ணில் இருக்கிற ஒரு கிருமி, காயத்தின் வழியாக உள்ளே போகும், இவரைப் போலச் சர்க்கரை உள்ளவர்களை லேசில் விடாது, பார்த்தால் டிபி மாதிரியே இருக்கும், வழக்கமான மருந்துக்கு அடங்காது என்று பொறுமையாகச் சொன்னார். நோயின் பெயர் என் வாயில் நுழையவில்லை. "ரத்தத்தை டெஸ்ட்டுக்கு அனுப்புறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. இப்பவே மருந்த மாத்துறேன்" என்று எழுந்து போனார்.

அவர் சந்தேகப்பட்ட அதே கிருமிதான் ரத்தத்தில் இருந்தது. அந்த வாரம் முழுக்க ஐசியு வாசலில் கிடந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். போன் திரையில் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நொந்துகொண்டேன். மெல்லக் காய்ச்சல் இறங்கியது. உள்ளே விட்டபோது, "என்ன புள்ள, இப்புடி எளைச்சுட்ட?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இளைத்தது யாராம்! சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "காச்சல் விட்டுருச்சுன்னு மாத்திரைய நிறுத்தக் கூடாது. நிறுத்தினா மறுபடி வந்துரும். மாசக்கணக்குல சாப்பிடணும். அது வரைக்கும் வெளிநாடு கிடையாது."

என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் என்ன ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதங்களில்தான் நான் குடும்பம் நடத்தினேன். தினமும் காலையில் மாத்திரையைக் கையில் கொடுப்பேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். சீரியலில் மாமியாராக வருபவளைத் திட்டுவார். ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போடுவோம், சாயங்காலம் வரைக்கும் பேசமாட்டோம். கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட ஆள் பக்கத்தில் இருந்தால்தானே முடியும்!

கடைசியாகத் திருச்சிக்குப் போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போதும், மாத்திரை இனி வேண்டாம். தாராளமா வேலைக்குப் போகலாம்." இவருக்கு வாயெல்லாம் பல். பஸ் நார்த்தாமலை பக்கம் வருவதற்குள் சவுதிக்குப் போன் போட்டு விசா விஷயம் பேச ஆரம்பித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அங்கேதான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். அவருக்கு உயிர் கொடுத்த அந்த டாக்டரம்மாவை நினைக்காமல் நான் ஒரு நாளும் விளக்கேற்றுவதில்லை. ஆனால் கும்பிட்டு முடித்து, வெறிச்சோடிக் கிடக்கிற வீட்டைத் திரும்பிப் பார்க்கும்போது, மகராசி இன்னும் ஒரு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று பாழும் மனசு கேட்கத்தான் செய்கிறது.