ஐஸ் ரூம் சுவரோரக் கட்டில்

ராயபுரத்தில் பிறந்த ஃப்ளோரா பதினாறு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தாள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். கூட யாரையும் விடமாட்டார்கள். வலியில் கத்துகிற பெண்ணுக்குத் தொடையில் அடி விழும். ஒருநாள் ஃப்ளோராவே ஒரு பெண்ணை அடித்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டாள்.

1999-ல் ஒரு டிரஸ்ட் முகத்துவாரக்குப்பத்தில் நாலு கட்டிலோடு பிரசவ இல்லம் திறந்து அவளைக் கூப்பிட்டது. டாக்டர் வாரம் ஒருமுறைதான் வருவார். பிரசவம் பார்ப்பது ஃப்ளோராவும் இன்னொரு நர்ஸும். ரத்தக்கொதிப்பு இருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ, முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தாலோ இங்கே எடுப்பதில்லை. நடுவில் சிக்கல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டிரைவர் இன்னாசியின் வேன் வாசலிலேயே நிற்கும்.

மூன்று மாதம் ஒருத்தியும் வரவில்லை. அந்தக் கட்டடம் பழைய ஐஸ் கிடங்கு. கடலில் போனவர்கள் கரை ஒதுங்கினால் போலீஸ் வரும்வரை கிடத்தி வைத்த இடம்.

"பொணம் கெடந்த எடத்துல எவ புள்ள பெப்பா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

ஃப்ளோராவுக்கும் அந்த இடம் ஒரு மாதிரிதான் இருந்தது. கடைசி அறையில் சித்திரை வெயிலிலும் தரை சில்லென்றிருக்கும். சுவர் அடியில் உப்புப் பூக்கும். துடைத்தால் மறுநாள் காலையில் மறுபடி பூத்திருக்கும். தினமும் கொஞ்ச நேரம் அங்கே தனியாக உட்கார்ந்து பழகிக்கொண்டாள்.

பிறகு ஒருத்தி வந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. இங்கே வலியோடு நடக்கலாம், கஞ்சி குடிக்கலாம், குந்தி உட்கார்ந்து பெறலாம், அம்மாவோ மாமியாரோ கூடவே இருக்கலாம், யாரும் அடிக்கமாட்டார்கள் என்று குப்பத்தில் பேச்சு பரவியது. நாலு வருஷத்தில் முந்நூறு பிரசவம் தாண்டிவிட்டது.

2003 ஐப்பசியில் ஒரு மத்தியானம். வானம் கறுத்துக்கிடந்தது. மற்ற கட்டில்கள் நிறைந்திருந்ததால் மங்கையைக் கடைசி அறையில் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். மாமியார் பட்டம்மாள் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். ஃப்ளோரா குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் குழலை வயிற்றில் வைத்துக் கேட்டாள். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது துடிப்பு, நன்றாக இருந்தது. அடுத்தது அரைமணி கழித்துக் கேட்டால் போதும் என்று சார்ட்டில் குறிக்க உட்கார்ந்தாள்.

அப்போது சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது.

விரல் முட்டியால் தட்டுவதுபோல் மெதுவாக, விடாமல், வேகவேகமாக. கொஞ்ச நேரம் கேட்டதும் ஃப்ளோராவின் பேனா நின்றது. சற்றுமுன் குழலில் கேட்ட அதே வேகம்.

மங்கைக்கு வலி எடுத்தது. தட்டுவது மந்தமானது. வலி இறங்கிய பிறகும் அது பழைய வேகத்துக்கு வரவில்லை. ஒன்று... ஒன்று... இடைவெளி நீண்டுகொண்டே போனது.

ஃப்ளோரா எழுந்து குழலை வயிற்றில் வைத்தாள். தொண்ணூறு. வலி போய்விட்டது, துடிப்பு ஏறவில்லை. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து அடுத்த வலிக்கும் கேட்டாள். இன்னும் கீழே போனது.

"இன்னாசி, வண்டிய எடு!"

"இன்னாக்கா ஆச்சு? நல்லாத்தான கீது பொண்ணு?" பட்டம்மாள் பதறினாள்.

"கொழந்தைக்கு மூச்சு முட்டுதும்மா. இங்க வச்சிருக்கக் கூடாது, வா."

இன்னொரு நர்ஸ் போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல, வேன் கிளம்பியது. வழியெல்லாம் மங்கையின் கை ஃப்ளோராவின் கையில். போன உடனே ஆபரேஷன். தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று இறுக்கியிருந்தது. பெண் குழந்தை, நீலம் பாரித்து வந்தது, ஒரு நிமிஷம் கழித்து அழுதது.

"இன்னும் அரைமணி ஆகியிருந்தா கஷ்டம்தான்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை ஃப்ளோரா சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேல முள். ஒரு கோழி நுழையவும் இடமில்லை.

நாலாம் நாள் வார்டில் மங்கை கேட்டாள்: "அக்கா, அன்னிக்கு யாரு செவுத்த தட்டிகினே இருந்தது?"

"இன்னாடி ஒளற்ற, அது மழ சத்தம்" என்றாள் பட்டம்மாள்.

அந்த நேரத்தில் மழை ஆரம்பித்திருக்கவில்லை.

ஆறே நிமிஷத்தில் திரும்ப ஏன் கேட்டீர்கள் என்று டிரஸ்ட் டாக்டர் சார்ட்டைப் பார்த்துக் கேட்டபோது, "கேக்கணும்னு தோணுச்சு டாக்டர்" என்றாள். அதன்பின் அந்த இல்லத்தில் எந்தக் கட்டிலானாலும் கால்மணிக்கு ஒருமுறை குழல் வைப்பது என்றானது. அவள் இருந்தவரை அங்கே ஒரு தாய் செத்ததில்லை. பத்தில் ஒருத்தியையாவது வேனில் ஏற்றினாள். அதை யாரும் தோல்வியாக நினைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து மங்கை மறுபடி வயிற்றோடு வந்தாள். "இங்கதான்கா பெத்துக்குவேன்" என்று அடம்பிடித்தாள். ஆபரேஷன் ஆனவளை எடுக்க முடியாது என்று ஃப்ளோரா சொன்னாள். குறித்த நாளுக்கு முன்பே அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மங்கை ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை அவள் தலைமாட்டில், பட்டம்மாளோடு நின்றாள். இந்த முறை பையன். மூன்று கிலோ இருநூறு.