கைநாட்டு யாருக்கு?

இன்று என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

படிவம் சிங்களத்தில் அச்சாகி வந்திருந்தது. கிளாக்கருக்கே அதை வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார்.

ராத்தா, குர்ஆன் ஓதப் பழகிய அரபு எழுத்தில் தன் பெயரை எழுதினார்.

"இதை வாசிக்க ஏலாது. கைநாட்டு வைங்க. இல்லாட்டிப் பிள்ளைய எடுக்க மாட்டம்." கிளாக்கர் மைப்பெட்டியைத் தள்ளினார்.

"இது அரபு எழுத்தில எழுதின தமிழ்தான் ஐயா. எங்கட உம்மாமாரு கடுதாசி எழுதுற எழுத்து. வாசிக்கத் தெரியாத ஆள்தான் கைநாட்டு வைக்கிறதெண்டா, நீங்கதான் வைக்கோணும்."

ராத்தா மைப்பெட்டியை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

வரிசையில் சிரிப்பு. கிளாக்கர் படிவத்தை வாங்கிக்கொண்டார். பின்னால் நின்ற பெண்களும் மையைத் தொடாமல் அதே எழுத்தில் பெயர் எழுதினார்கள்.

பட்டதாரியான நான் இன்றுவரை ஆங்கிலத்தில்தான் கையெழுத்து வைக்கிறேன். நீங்கள் எப்படி?