போடிமெட்டில் முத்துலட்சுமி தூக்கிய குழந்தை

போன ஐப்பசியில் மூன்று நாள் போடிநாயக்கனூரில் இருந்தேன். ஏலத்தோட்டக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்ற பெண்களையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவரும் பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி வைத்திருந்தது. பாடம் நடத்தப் போனது நான். மதுரையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றபின் இதுதான் என் வேலை. இதே மாதிரி மலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி விவரம் கேட்பதால் இந்தப் பதிவு.

மதுரையிலிருந்து காலையில் போடிக்கு ரயில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் சன்னலோரம் இருந்தால் மலை கூடவே வரும். பஸ்ஸும் நிறைய உண்டு. ஆனால் நான் ரயிலைத்தான் சொல்வேன். முதுகு பிழைக்கும்.

முதல் நாள் வகுப்பில் பால் கொடுக்கும் முறை, எடை பார்ப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது எல்லாம் பேசினோம். தேநீர் நேரத்தில் ஒரு பெண் தனியாக வந்தாள். பெயர் முத்துலட்சுமி, பொட்டிபுரத்துக்காரி. முப்பது வயதைத் தாண்டியிருக்கும்.

“அக்கா, இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்” என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

“போற வீட்டுல எல்லாம் உனக்கு எத்தனை புள்ளைன்னு கேக்குறாங்க. இல்லைன்னு சொன்னதும் புள்ளைய உள்ள கொண்டு போயிர்றாங்க. தொடக்கூட விடாட்டி நான் போயி என்னக்கா சோலி?”

எனக்கு இரண்டு பையன்கள். எத்தனையோ வீடுகளில் என்னையும் அதே கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒருநாளும் அது என்னைக் குத்தியதில்லை. நாளைக்கு உன்கூட வர்றேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பு இல்லை, வீடுகளுக்குப் போகும் நாள். காலை ஆறரைக்குத் தொழிலாளர் ஜீப்பில் ஏறினோம். போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஆளுக்கு எழுபது ரூபாய் வாங்கினார்கள். எதிர் சீட்டுப் பெண்ணின் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கால் முத்துலட்சுமியின் முழங்காலில் வந்து சாய்ந்தது. ஜீப் எத்தனை முறை குலுங்கியும் அவள் முழங்காலை நகர்த்தவேயில்லை. மெட்டில் இறங்கும்போது அந்தக் காலை இரண்டு கையாலும் தாங்கித் தாயின் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம். அதன் லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், கடைசி வீடு ஜெயாவுடையது. அவளுக்கு ஐந்து வாரக் குழந்தை. எடை குறைவாகப் பிறந்த பெண் பிள்ளை. மாமியார் பேச்சியம்மா அன்று ஏலச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்து வாசலில் நின்றார். உடம்பெல்லாம் மருந்து நெடி, குழந்தையைத் தொட முடியாது.

“ராத்திரி முழுக்கப் பனி” என்றார். நான் வெளியே நின்ற மூடுபனியைப் பார்த்தேன். “காய்ச்சலைச் சொல்றாங்கக்கா. இங்கன மலையாளம் கலந்துதான் பேசுவாங்க” என்றாள் முத்துலட்சுமி.

ஜெயாவுக்கு ஒரு பக்க மார்பு சிவந்து கட்டியிருந்தது. குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. முத்துலட்சுமி பாயிலிருந்த குழந்தையை நோக்கிக் குனிந்தாள்.

“நீ தூக்க வேணாம்த்தா. அந்த அம்மா தூக்கட்டும்” என்றார் பேச்சியம்மா.

முத்துலட்சுமி கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு முதல் நாளே சளி பிடித்து முகக்கவசம் போட்டிருந்தேன். அதைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “இது அவ பாக்குற பிள்ளை. அவதான் தூக்கணும்” என்றேன்.

ஜெயாதான் படுத்தபடியே சொன்னாள். “தூக்குங்கக்கா. காலையில இருந்து பால் குடிக்க மாட்டேங்குது.”

முத்துலட்சுமி குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். பிறகு வயிற்றைத் தொட்டாள். “அக்கா, வயிறும் சில்லுன்னு இருக்கு” என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். வயிறே குளிர்ந்துவிட்டால் குழந்தைக்கு ஆபத்து, காத்திருக்க நேரமில்லை. ஓடிப்போய் ஒரு ஜீப்பை நிறுத்தினேன். “அண்ணே, வெரசா போகணும், ஆனா குலுக்காமப் போங்க” என்றதும் டிரைவர் லோடை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது முத்துலட்சுமி ரவிக்கை ஊக்குகளைக் கழற்றி, குழந்தையை வெற்று நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, சேலையால் சுற்றிக் கட்டியிருந்தாள். மேலே ஜெயாவின் கம்பளி. குளிர்ந்த குழந்தைக்கு உடம்புச் சூடு கொடுக்க வகுப்பில் செய்து பழகியதுதான். ஜெயாவை நான் தாங்கிக்கொண்டேன். பேச்சியம்மா முன் சீட்டில் ஏறினார்.

இறங்கும் வழியெல்லாம் முத்துலட்சுமி குனிந்த தலை நிமிரவில்லை. பாதி மலையில், “உறிஞ்சப் பாக்குதுக்கா” என்றாள். ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி ஜெயாவிடம் கொடுத்தோம். கொஞ்சம் குடித்தது. ஜெயாவுக்குக் கை நடுங்கியதால் மறுபடி முத்துலட்சுமியின் நெஞ்சுக்கே போனது.

போடி அரசு மருத்துவமனையில் நர்ஸ் வந்து குழந்தையை வாங்கினார். பாதம் சூடாகியிருந்தது. முத்துலட்சுமி சுவரோரம் திரும்பி நின்று ஊக்குகளை மாட்டினாள். நெடுநேரம் ஆயிற்று. பிறகு சொன்னாள், “புள்ளைய வாங்குனதும் நெஞ்சு சில்லுன்னு ஆயிருச்சுக்கா.” நான் அவள் தோளில் கை வைத்தேன்.

தாயும் பிள்ளையும் தேறி மலைக்குத் திரும்பினார்கள். முத்துலட்சுமி வேலையை விடவில்லை. இப்போது மாதம் ஒருமுறை பயிற்சிக்கு வந்த பெண்கள் எல்லாரும் போடியில் கூடுகிறார்கள். எடைக் கணக்குப் பேசுவதற்கு அல்ல. வீடுகளில் கேட்டது, பட்டது, அதைப் பேசுவதற்கு.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஐப்பசியில் ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம். மெட்டுக்கு மேல் போன் சிக்னலை நம்ப வேண்டாம். திரும்பும் ஜீப்பைக் காலையிலேயே பேசி வையுங்கள். வகுப்பு எத்தனை நாளானாலும் அதில் அரை நாளைப் பாடமில்லாமல் விடுங்கள். அவர்கள் பேசட்டும்.

போன வாரம் முத்துலட்சுமி போன் செய்தாள். ஜெயா வீட்டுக்குப் போனால் பேச்சியம்மாவே குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறாராம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதாம். நல்லதுதானே என்றேன்.

“நல்லதுதான்க்கா” என்றாள். “திருப்பிக் குடுக்கிறதுதான் சிரமமா இருக்கு.”