கரண்டி விழுந்த கதை

என் முதல் கதை வேண்டாம் என்று வந்த சீட்டை எழுதியது நான்தான். என் கையெழுத்து, என் கட்டைப் பேனா. கீழே இருந்த கையொப்பம் மட்டும் அண்ணனுடையது. அதற்குப் பிறகு எத்தனையோ பத்திரிகைகள் என் கதைகளைத் திருப்பி அனுப்பிவிட்டன, இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் வேறு யாரும் என்னையே உட்கார வைத்து, “எழுதிக்கோ” என்று சொன்னதில்லை.

அது யுத்த காலம். மயிலாப்பூரில் கால்வாய்க்குப் பக்கத்துச் சந்தில் இருந்தோம். நைனாவுக்கு ஒரு வக்கீல் வீட்டில் கேஸ் கட்டுத் தூக்கும் வேலை. வீட்டில் படிப்பதற்கு அண்ணன் ஒருவன் போதும், பெண்ணுக்கு எதற்கு என்று முடிவாகியிருந்ததால் நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். அண்ணன் ஹைஸ்கூலில் படித்தான். அவனும் படம் போடத் தெரிந்த அவன் சிநேகிதனும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அண்ணன் ஆசிரியர். பத்திரிகையின் பெயர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாறும். ஆசிரியர் மட்டும் மாறமாட்டார்.

கையெழுத்துப் பத்திரிகை என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. அச்சே கிடையாது. எல்லாவற்றையும் கையால் எழுதித் தைத்து, மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும். எங்கள் சந்து முனையில் இருந்த வாத்தியார் வீட்டில் தொடங்கி, லஸ், ஆழ்வார்பேட்டை என்று சுற்றி, அடையாற்றில் ஒரு வீடு வரைக்கும் போய்விட்டு மாதக் கடைசியில் திரும்பி வரும். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்காகக் கடைசி நாலு பக்கங்களை வெறுமையாக விட்டிருப்போம். காகிதம் கிடைக்காத நாள் என்பதால், நைனா கொண்டுவரும் பழைய வழக்குக் காகிதங்களின் பின்பக்கத்தில்தான் பத்திரிகையே. சிலர் கதையை விட்டுவிட்டு வழக்கைப் படித்து, ‘அப்பீல் என்ன ஆயிற்று?’ என்று அபிப்பிராயம் எழுதியதும் உண்டு.

அண்ணனின் எழுத்து அவனுக்கே விளங்காது. எனக்கு முத்து முத்தாக வரும். அதனால் முழுப் பத்திரிகையையும் நகல் எடுப்பது என் வேலை. பெரும்பாலும் அண்ணனின் கதைதான். அதில் ஒரு பணக்காரப் பெண் இருமுவாள். ஓர் ஏழை வாலிபன் பேசுவான். அவன் பேசி முடிப்பதற்குள் அவள் இருமிச் செத்துப்போவாள். இப்படி நாலு பெண்களை என் கையாலேயே சாகடித்திருக்கிறேன்.

ஐந்தாவது பெண் இருமத் தொடங்கியபோதுதான் நாமும் ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. அப்போதெல்லாம் கால்வாயில் விறகுப் படகுகள் வரும். படகுக்காரன் பெண்சாதி படகிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சுவாள். என் கதையில் அவள் கையிலிருந்த கரண்டி நழுவித் தண்ணீரில் விழுந்துவிடும். இருந்ததே அந்த ஒரு கரண்டிதான். புருஷனிடம் சொல்லப் பயந்து, ஒரு விறகுக் குச்சியைச் சீவி அதாலேயே கஞ்சியைக் கிண்டுவாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, இன்றைக்குக் கஞ்சி நன்றாயிருக்கிறதே என்பான். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவ்வளவுதான் கதை.

நேரில் கொடுக்க வெட்கம். அண்ணனின் காகிதங்களுக்கு நடுவே செருகி வைத்தேன். அவன் படித்துவிட்டுச் சிநேகிதனிடம் நீட்டினான்.

“இதுல இன்னா கீது? கரண்டி வுழுந்துச்சு. அப்பால?” என்றான் அண்ணன்.

“அப்பால ஒண்ணும் இல்ல,” என்றேன்.

“அதாம்மா, நானும் தேடிப் பாக்கறேன், ஒண்ணுமே இல்ல,” என்றான் சிநேகிதன். “இதுக்கு இன்னா படம் போடறது? கரண்டிய வரையட்டா?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அண்ணன் பெரிய பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவான். எல்லாம் திரும்பி வரும். கூடவே ஓர் அச்சடித்த சீட்டும் வரும். அந்த மாதிரிச் சீட்டு கொடுத்தால்தான் ஆசிரியர் பதவிக்கு மரியாதை என்று அவன் நினைத்தான். அவனிடம் கதை கொடுத்த பையன்களுக்கெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நான்தான் சீட்டு எழுதுவேன்.

“உக்காரு பாப்பா. எழுதிக்கோ,” என்றான். “அன்புடையீர்...”

“யாருக்குண்ணா?”

“உனக்குத்தான்.”

எழுதினேன். என் கதை பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லை என்பதை எனக்கு நானே வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டேன். நடுவில் ஒரு துளி மை கொட்டிவிட்டதற்குத் திட்டும் வாங்கினேன். அண்ணன் கையொப்பம் போட்டு, அழகாக மடித்து, என்னிடமே கொடுத்தான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா, “இன்னாடி மூஞ்சி தொங்குது?” என்று கேட்டாள். நான் எழுதியது கதையே இல்லையோ? ஐந்தாவது படித்தவளுக்குக் கதை எது, கதை இல்லாதது எது என்று எப்படித் தெரியும்? அடுப்பில் போட்டுவிடலாம் என்று எடுத்துக்கொண்டும் போனேன். போடவில்லை. மறுபடி உட்கார்ந்து அண்ணனின் கதையை நகல் எடுத்தேன். ஐந்தாவது பெண் சாவதற்கு மூன்று பக்கம் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது பக்கத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவள் இருமுவது கதையென்றால் அவள் கஞ்சி கிண்டுவதும் கதைதான்.

எனக்கு வாய் கிடையாது. ஆனால் பேனா என் கையில்தானே இருந்தது. ஒரு மத்தியானம் அம்மா கண் அயர்ந்த நேரத்தில், அபிப்பிராயத்துக்கு விட்டிருந்த நாலு பக்கத்திலும் என் கதையை எழுதினேன். கீழே என் பெயரை அண்ணனின் பெயரைவிடப் பெரிதாகப் போட்டேன். அண்ணன் அட்டைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றான். நானே கொண்டுபோய் வாத்தியார் வீட்டில் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

ஒரு வாரம் கழித்து வாத்தியார் அண்ணனை வழியில் நிறுத்தி, அபிப்பிராயம் எழுத இடமே விடவில்லையே என்று கேட்டாராம். அதற்குள் பத்திரிகை ஆழ்வார்பேட்டைக்குப் போய்விட்டது. அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினான்.

“மானத்த வாங்கிட்டியே! ஊரெல்லாம் கரண்டி கரண்டின்னு சிரிச்சிக்கினு கீறாங்க!”

“சிரிக்கட்டும்,” என்றேன். அவன் முகத்தைப் பார்த்து நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. “படிச்சாத்தானே சிரிப்பாங்க.”

மாதக் கடைசியில் பத்திரிகை திரும்பி வந்தது. அபிப்பிராயம் சொல்ல வேறு இடமில்லாததால் எல்லோரும் என் கதையைச் சுற்றி, ஓரங்களில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்கள். வாத்தியார் சிவப்பு மையால் என் பிழைகளைத் திருத்தியிருந்தார். ஒருவர் ‘சிறுபிள்ளைத்தனம்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கரண்டியை முங்கித் தேடாதது ஏன் என்று கேட்டிருந்தார். அடையாற்றுக்காரர், பெண்கள் கோலம், பலகாரம் பற்றி எழுதினால் பயனுண்டு என்று யோசனை சொல்லியிருந்தார். அண்ணன் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தான். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கடைசி எழுத்து வரைக்கும் கேட்டேன்.

“இப்பவாவது புரிஞ்சுதா?” என்றான்.

“அடுத்த மாசம் எனக்கு நாலு பக்கம் வேணும்.”

“குடுக்கலன்னா?”

“உன் பொண்ண நீயே இருமவெச்சுக்கோ. நான் எழுதித் தரமாட்டேன்.”

உள்ளே அம்மா சிரித்தது கேட்டது. அண்ணன் பேனாவைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். “ரெண்டு பக்கம்,” என்றான். அந்த இரண்டு பக்கத்தை நான் அதற்குப் பிறகு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவன் வெளியே போன பிறகு பத்திரிகையை எடுத்துத் தனியாகப் பார்த்தேன். எழுதியிருந்த அபிப்பிராயங்களைக்கூடத் தாங்கிக்கொண்டேன், ஆனால் அந்த அழுக்கைத் தாங்க முடியவில்லை. என் நாலு பக்கத்திலும் அழுக்கு. ஓரமெல்லாம் மஞ்சள் விரல் தடம். ஓரிடத்தில் அரிசி மாவு காய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் எண்ணெய் ஊறிப் பின்னால் இருந்த வழக்கு தெரிந்தது. கரண்டி விழும் இடத்தில் ஒரு சொட்டுப் புளித்தண்ணீர். ஒரு வீட்டில் அல்ல, வீட்டுக்கு வீடு என் கதையை அடுப்பங்கரையில் தூக்கிப் போட்டிருக்கிறார்களே என்று அப்போதுதான் அழுதேன்.

ரப்பரால் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, காகிதம்தான் கிழிந்தது. அண்ணனின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை. ஒரு முனைகூட மடங்காமல், நான் தைத்துக் கொடுத்த அன்று இருந்த மாதிரியே அவ்வளவு சுத்தமாக இருந்தன. அதைப் பார்த்து அந்த வயதில் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.