சாய்ந்த காலுக்கு ஓர் ஆப்பு

என் இடது பாதம் தட்டையானது. நின்றால் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். பள்ளியில் பிள்ளைகள் என்னை வாத்து என்று கூப்பிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று, அம்மா என் சேலையைத் தரையில் புரளும்படி இறக்கிக் கட்டிவிட்டாள். பிறகு நானே அப்படிக் கட்டப் பழகிக்கொண்டேன்.

மகள் கல்லூரிக்குப் போன வருஷம் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் நாலு பேர் என் நடையைப் பார்ப்பார்கள். துபாய் வேலையை விட்டு வந்திருந்த கணவர் புதுக்கோட்டையில் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்திருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். விடிந்ததும் அரிமளம் ரோட்டில் போய்த் திரும்புவோம். சைக்கிளில் போகிறவளின் நடையை யார் பார்க்கப்போகிறார்கள்?

பெடலோடு கவ்விக்கொள்ளும் ஷூ ஒன்றை அவர் வாங்கித் தந்தார். அதைப் போட்டு ஓட்ட ஆரம்பித்த பிறகு இடது முட்டியின் உள்பக்கம் வலித்தது. மாடி ஏற முடியவில்லை. சைக்கிள் கடைக்குத் திருச்சியிலிருந்து ஒருவர் வருவதாகவும், ஷூவைக் காலுக்கேற்பச் சரிசெய்து தருவார் என்றும் சொல்லிக் கணவர் அழைத்துப் போனார்.

கடையில் எங்கள் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷூ, சாக்ஸ் கழட்டிட்டு, பேண்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கங்கக்கா" என்றார் திருச்சிக்காரர்.

"சாக்ஸோட பாத்தா ஆகாதா?"

"பாதம் எங்கிட்டு சாயுதுன்னு பாக்கணும்க்கா."

கழற்றினேன். வியர்த்த பாதங்கள் சிமெண்டுத் தரையில் பதிந்தன. வலது தடத்தின் நடுவில் வளைவு இருந்தது. இடது தடம் தோசைக்கல் மாதிரி முழுசாக இருந்தது. டீ குடித்தவர்களில் ஒருவர் அதையே பார்த்தார்.

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி என்னை மிதிக்கச் சொன்னார்கள். கணவர் முன்னால் நின்று செல்போனில் வீடியோ எடுத்தார். ஒவ்வொரு மிதிக்கும் என் இடது முட்டி உள்ளே போய்ச் சைக்கிள் கம்பியை உரசியது. அதை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

திருச்சிக்காரர் இடது ஷூவின் அடியில் பெடலைக் கவ்வும் கட்டையைக் கழற்றினார். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டை, தடித்த பக்கம் உள்ளே இருக்குமாறு அதற்கும் ஷூவுக்கும் நடுவில் வைத்து முடுக்கினார். ஷூவுக்குள் நடுவில் மேடான ஓர் அட்டையைப் போட்டார். மறுபடி மிதித்தேன். முட்டி நேராக ஏறி இறங்கியது.

"ஒனக்கே ஆப்பு வச்சிட்டாரு பாரு" என்றார் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் வியர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "ஒங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியும். அதுக்குள்ள எல்லாருக்கும் காட்டிட்டீங்க."

"எனக்கா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கே தெரியுமே. நீ காப்பி கொண்டாந்தப்பவே பாத்தேன். எங்க ஆத்தாவும் பாத்துச்சு."

"அப்புறம் ஏங்க ஒரு வார்த்தைகூட கேக்கல?"

"நீ மறைச்சுக்கிட்டே இருந்த. கேக்கச் சங்கடமா இருந்துச்சு."

கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மாமியார் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, "நீ மெல்ல வாத்தா" என்பார். நான் சோம்பேறி என்று குத்திக்காட்டுவதாக நினைத்து எத்தனையோ நாள் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். நான் மறைத்ததை ஒரு வீடே இத்தனை வருஷம் பார்க்காததுபோல் இருந்திருக்கிறது. கடையில் பட்ட வெட்கம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்று கணவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை.

முட்டிவலி குறைந்தது. ஆனால் பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போனது. அடுத்த முறை திருச்சிக்காரர் வந்தபோது தனியாகப் போனேன். கடையில் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒங்களுக்கு என்ன பிரச்சனைன்னு மறந்துட்டேன்க்கா" என்றார்.

"இடது பாதம் தட்டை. உள்பக்கம் சாயும்."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. அவர் தலையை ஆட்டி, ஷூவின் அடியிலிருந்து ஒரு துண்டை உருவிவிட்டு, சாக்ஸ் இல்லாமல் அதை மாட்டி மிதிக்கச் சொன்னார். மரப்பு விட்டது. முட்டியும் நேராகவே போனது. அந்தப் பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, இறங்கிய கையோடு சாக்ஸைப் போட்டுக்கொண்டேன்.