கிரேக்கத்தில் ‘போயிட்டு வர்றேன்’

தமிழிலிருந்து கிரேக்கத்துக்கு நேராகப் போகும் சொற்பட்டியல் எதுவும் என் கைப்பேசியில் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. தேடித் தேடிக் கடைசியில் ஒரு வலைப்பக்கம் அகப்பட்டது. பல அர்த்தங்கள் கொண்ட ஆங்கிலச் சொற்கள் இடப்பக்கம், ஒவ்வொரு அர்த்தத்துக்குமான கிரேக்கச் சொல் வலப்பக்கம். கிரேக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதற்காகப் போட்டது போலிருந்தது. நான் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினேன், கிரேக்கம் பேசும் சைப்ரஸ் தீவில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என் அக்காவைத் தயார்செய்ய.

அக்கா ஏற்காட்டில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கணவனை விட்டு வந்த பிறகு எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் எங்களோடுதான் இருந்தாள். காப்பித் தோட்டச் சரிவின் ஓரத்தில் அப்பா அவளுக்கென்று கொஞ்சம் இடம் பிரித்துக் கொடுத்திருந்தார். அதில் தளம் போட்டு ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம். விடுதி வேலையை நம்பி அது ஆகாது. எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்த சமயம் அது. “உனக்கு ஒருத்தி வந்துட்டா நான் அடுப்படியில ஓரமா நின்னுக்கிட்டே இருக்கோணுமா சாமி? எனக்குன்னு ஒரு ஊடு வேணும்” என்றாள்.

சேலத்தில் இருந்த ஏஜெண்ட் தொலைபேசியில் விவரம் சொன்னார். “மகளுக்கு இங்கிலீஷ் தெரியுங்க. அந்தப் பெரியம்மாவுக்கு கிரீக் மட்டுந்தான். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அந்தம்மாவே உங்க அக்காவைப் பாக்கும். புடிச்சுதுன்னா பேப்பர் போடுவாங்க. இதுக்கு முன்னால பாத்த ஆளுங்களை எல்லாம் வேண்டாம்னுடுச்சுங்க.”

“ஏனுங்க?”

“முன்னே இருந்த பொண்ணு, அந்தம்மா தூங்கறப்ப பையைத் தூக்கிக்கிட்டுச் சொல்லாம கொள்ளாம கெளம்பிருச்சாம். அதுல இருந்து யாரையும் நம்பறதில்லையாம்.”

எங்கள் வீட்டில் கல்லூரிவரை போனவன் நான் மட்டும்தான். படித்தது ஆங்கில இலக்கியம். ஏற்காட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. காலையில் அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். பாடம் பஸ்ஸில்தான் நடந்தது. முதல் நாள் ‘லைட்’ என்ற சொல்லை எடுத்தேன். வெளிச்சம் என்றால் ஃபோஸ், கனமில்லாதது என்றால் எலஃப்ரி, பற்றவைப்பது என்றால் அனாவோ. இந்த மூன்றும் ஒரே சொல்லின் மூன்று அர்த்தங்கள், அதனால் முதலில் ‘லைட்’டை மனதில் வைத்துக்கொள், பிறகு பிரித்துக்கொள் என்றேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள். “லைட்டுன்னா கரண்டு லைட்டு. அடுப்புப் பத்த வெக்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான்.”

“நான் இங்கிலீஷ்காரிகிட்டயா வேலைக்குப் போறேன்?”

யோசித்துப் பார்த்தால் அவளிடமும் ஆங்கிலச் சொற்கள் நிறைய இருந்தன. கிளாஸ், பேக், லீவு, சேஞ்ச். ஆனால் ஒரு ஆங்கிலச் சொல் மலையேறி எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறது. கிளாஸ் என்றால் காப்பி குடிப்பது. ஜன்னலில் இருப்பது கண்ணாடி. மற்ற அர்த்தங்களை எல்லாம் கீழேயே, சேலம் பஸ் நிலையத்திலேயே, இறக்கி வைத்துவிடுகிறது போல. எனக்குச் சிக்கலாக இருந்தவை அவளுக்குச் சிக்கலாகவே படவில்லை.

அதன்பிறகு முறையை மாற்றிக்கொண்டோம். காலையில் எழுந்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவள் வரிசையாகச் சொல்லுவாள். முதுகு தேய்ப்பது. நகம் வெட்டுவது. தண்ணீர் கொடுப்பது. நான் ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஆங்கிலமாக்கி, பட்டியலில் சரியான அர்த்தத்தைப் பிடித்து, அதற்கு நேரே இருக்கும் கிரேக்கச் சொல்லை மட்டும் சொல்லுவேன். ஆங்கிலம் என்னோடு நின்றுவிடும். நகம் நீஹி. அதே ‘நெய்ல்’ வரிசையில் சுவரில் அடிக்கும் ஆணியும் இருந்தது, அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. தண்ணீர் நெரோ. “இது நம்ம நீருதான?” என்று அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். மாத்திரை ஹாப்பி.

பஸ்ஸில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த கண்டக்டர், “ஏனுங்க தம்பி, அக்காளுக்கு என்ன மந்திரமா? சொன்னா நாங்களும் கத்துக்கறோமில்ல” என்றார்.

“மாத்திரை முழுங்குனா ஹாப்பியாம் அண்ணா. உங்களுக்கு ஒண்ணு வேணுமா?” என்றாள் அக்கா. பின்சீட்டு வரை சிரித்தது.

ஒன்றை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்த்துவிடுவாள். நெரோங்க. ஹாப்பிங்க. அந்த மொழியில் மரியாதை வேறு விதமாக வரும், இது புரியாமல் போய்விடும் என்று எவ்வளவோ சொன்னேன். “வயசானவங்ககிட்ட மொட்டையாவா பேசறது?” என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அவளாகவே ஒன்று கேட்டாள். “அந்தம்மாகிட்ட இருந்து எந்திரிச்சு அடுப்படிக்குப் போறப்ப என்ன சொல்லோணும்?”

பட்டியலில் ‘லீவ்’ என்ற சொல்லைத் தேடினேன். புறப்பட்டுப் போவதற்கு ஃபெவ்கோ. ஒன்றை விட்டுவிட்டுப் போவதற்கு அஃபீனோ. வேலையில் எடுக்கும் விடுப்புக்கு ஆதியா. எனக்கு முதலாவது சரியென்று பட்டது. ஃபெவ்கோ என்றால் நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம் என்றேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. “போறேன்னு சொல்லச் சொல்றியா? அதுவும் படுத்துக் கெடக்கறவங்க மூஞ்சியப் பாத்து?”

“அக்கா, அவுங்களுக்கு அது தப்பில்ல.”

“ஏற்கனவே ஒருத்தி போயிட்டாதான? போயிட்டு வர்றேன்னு சொல்றதுக்கு என்ன இருக்குன்னு பாரு.”

பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. போவதற்கும் வருவதற்கும் உரிய சொற்களைத் தனித்தனியாக வேறு இடத்தில் தேடி எடுத்து, நடுவில் ‘உம்’ போல ஒன்றைச் செருகினேன். பாவோ கி எர்ஹோமே. போகிறேன், வருகிறேன். கல்லூரியில் இப்படி மொழிபெயர்த்திருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது. அது சரியான கிரேக்கம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா கொட்டச்சேடு வரும்வரை அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கூட்டம் அதிகம். மூன்று மணிக்குப் பிறகுதான் அவளால் வர முடிந்தது. இணையம் நன்றாகக் கிடைக்கும் இடம் மொட்டைமாடி. வரிசையாகப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன, அல்லது காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பனிமூட்டம் மேலேறி வந்துவிட்டது. அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு கொடிக்கு முன்னால் நின்றாள். நான் கைப்பேசியைப் பிடித்தேன்.

முதலில் மகள் பேசினார். மரியாதையான, சுருக்கமான ஆங்கிலம். நான் அக்காவுக்குச் சொன்னேன். பிறகு திரை ஆடி, நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு அம்மா தெரிந்தார். கறுப்பு உடை. எங்களைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலிமேராங்க அம்மா” என்று வணக்கம் சொன்னாள் அக்கா.

அவர் திரும்பவில்லை. மேலே சொல் என்று நான் ஜாடை காட்டினேன். அக்கா தனக்குத் தெரிந்ததை ஒவ்வொன்றாக எடுத்தாள். தண்ணீர், முதுகு, நகம், மாத்திரை. கடையில் சாமான் சொல்வதைப் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா திரைப்பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அதில் ‘கிரியோ’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. குளிர். பின்னால் நகர்ந்த பனியைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். அக்காவுக்கும் பிடிபட்டுவிட்டது.

“கிரியோங்க அம்மா. நொம்பக் கிரியோங்க. பாருங்க, துணியே காய மாட்டேங்குது.”

அப்போதுதான் கீழே இருந்து கூட வேலை செய்பவள் கத்தினாள். “அக்கோவ்! நாலாம் நம்பர்ல குழந்தை படுக்கையை நனைச்சிருச்சாம், உடனே பெட்ஷீட்டு வேணுமாம். அவுங்க சத்தம் போடறாங்க, ஓடியா!”

நான் போகாதே என்று தலையசைத்தேன். அக்கா ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு திரையை நோக்கிக் குனிந்து, “பாவோ கி எர்ஹோமேங்க” என்று நிறுத்திச் சொன்னாள். கொடியில் காய்ந்ததாகப் பார்த்து ஒரு விரிப்பை உருவிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவர்களுக்கு இப்போது திரையில் வெறும் விரிப்புகள்தான் தெரிந்திருக்கும். மகள் ஆங்கிலத்தில், பரவாயில்லை, முடித்துக்கொள்ளலாம், பிறகு தகவல் சொல்கிறோம் என்றார். வேலை போனது என்றே நினைத்தேன். அந்த அம்மா இடையில் புகுந்து “ஓஹி” என்றார். வேண்டாம் என்று பொருள். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, அக்கா இறங்கிப் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை அசைக்காமல் பிடித்திருந்தேன். கை வலித்தது. மூன்று பேரும் காத்திருந்தோம்.

அக்கா மூச்சு வாங்க மேலே வந்தாள். கையில் குழந்தை நனைத்த விரிப்பு அப்படியே இருந்தது. “வந்துட்டேனுங்க அம்மா” என்றாள், தமிழில். அதற்குக் கிரேக்கம் நாங்கள் தயார்செய்திருக்கவில்லை. அந்த அம்மா மகளிடம் ஏதோ சொன்னார். மகள் சிரித்தார். அம்மா உங்கள் அக்காவின் பெயரைக் கேட்கிறார் என்றார். அக்கா சொன்னாள்.

அந்த வாரமே ஏஜெண்ட் அழைத்தார்.

அக்கா போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எனக்குத் தெரியாத கிரேக்கம் எல்லாம் இப்போது பேசுகிறாள். அந்த வலைப்பக்கத்தை நான் எப்போதாவது திறந்து பார்ப்பதுண்டு, எந்தத் தேவையும் இல்லாமல். போன ஞாயிறு அவளுடைய இடத்தில் வீடு அடித்தளம் வரை எழும்பியிருப்பதைக் காட்டுவதற்காக வீடியோவில் அழைத்தேன். சுவர் எங்கே வரும், வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தவளை உள்ளறையிலிருந்து அந்த அம்மாவின் குரல் கூப்பிட்டது.

“இருடா சாமி, போயிட்டு வர்றேன்” என்று கைப்பேசியை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள்.

திரையில் ஒரு சமையலறையின் உட்கூரை மட்டும் தெரிந்தது. நான் அணைக்காமல் அடித்தளத்துக் கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தேன்.